‘அது டெல்லி விவகாரம்’ என்று சொல்லும் நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி பேதமில்லாமல், வணக்கம்.

நான் ஒரு பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கொஞ்ச வருடமாக ஒரு கம்ப்யூட்டர். 1988இல் ஒரு பெரியவரிடம் எடுபிடியாகச் சேர்ந்தவன், இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறேன். வக்கீல் இல்லை, இயக்கக்காரனும் இல்லை. ஆனால் யாருக்கு யார் என்ன உறவு என்று தினமும் எழுதிச் சம்பாதிக்கிறவன், அதனால் ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் ஏற்க வேண்டுமா என்று கேட்டால் ‘அது டெல்லி விவகாரம்’ என்று நீங்கள் தள்ளிவிடுகிற விஷயத்தில் இரண்டு வார்த்தை பேச எனக்கும் இடம் உண்டு என்று நினைக்கிறேன்.

போன மழைக்காலத்தில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவருக்கு நாற்பது இருக்கும், இன்னொருவர் இரண்டு மூன்று வயது இளையவர். ஊர், பேர், வேலை எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. பதினோரு வருடமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெரியவர் பெயரில் ஒரு அடுக்குமாடி வீடு இருக்கிறது, கடன் முடிந்து ஒரிஜினல் பத்திரமும் பேங்கிலிருந்து கைக்கு வந்துவிட்டது, அதில் சரிபாதியைச் சின்னவருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். “செட்டில்மென்ட் போட்டுடுங்க அண்ணே” என்றார் பெரியவர், ஏதோ நூறு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி.

செட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுக்கிற பத்திரம், அதற்கென்று ஒரு வாசகம் இருக்கிறது, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் காலத்திலிருந்தே மாறாதது: ‘தாங்கள் எனக்கு இன்ன முறை ஆவதாலும், தங்கள்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்...’ என்று போகும். அன்பும் பிரியமும் எதிரே உட்கார்ந்திருந்தது. முறைதான் இல்லை. கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு “என்ன உறவும்மா?” என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், சின்னவர் ஜெராக்ஸ் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதும் இந்தத் தொழிலில் பாதி.

சரி, கணக்கைச் சொல்லித்தானே ஆக வேண்டும். வீட்டில் பாதியின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கிற மதிப்பு, 20 லட்சம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத்தீர்வை நூற்றுக்கு ஒன்று, அதாவது 20,000 ரூபாய். வெளியாளுக்கு என்றால் நூற்றுக்கு ஏழு, 1,40,000. பதிவுக் கட்டணம் தனி, அதிலும் இதே பாரபட்சம்தான். கணவன் மனைவிக்கு எழுதினால் முதல் கணக்கு, நேற்றுதான் தாலி கட்டியிருந்தாலும் சரி. இவர்களுக்கு இரண்டாவது கணக்கு, பதினோரு வருடம் ஆனாலும் சரி.

“அப்ப உயில் எழுதிடுங்களேன், அதுக்கு முத்திரைத்தாளே வேண்டாம்” என்று நான்தான் யோசனை சொன்னேன். பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “நான் செத்தப்புறம்தான் அவ என் வீட்டுக்காரியா அண்ணே?”

கடைசியில் ‘தாங்கள் எனக்குத் தோழி ஆவதாலும்’ என்று தட்டினேன். தோழிக்கு யாராவது பாதி வீடு எழுதிக்கொடுப்பார்களா என்று கேட்காத பிரிண்டர் அதை அப்படியே அச்சடித்தது. கிளம்பும்போது சின்னவர், அதுவரை வாயே திறக்காதவர், “இதையெல்லாம் யார் மாத்தணும் சார்?” என்றார். நான் யோசிக்காமல், “அது டெல்லிம்மா, நம்ம கையில என்ன இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தப்பான பதில். அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. நீங்களும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள், நான் சொன்னதாவது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த ஏழு சதவீதக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய முத்திரைச் சட்டம் 1899 என்று பெயர் இருந்தாலும், தமிழ்நாட்டில் செட்டில்மென்டுக்கு எவ்வளவு தீர்வை என்பது சென்னையில் முடிவாவது. அந்த அட்டவணையில் ‘குடும்பம்’ என்றால் யார் யார் என்ற விளக்கமும் அப்படித்தான். 2023 ஜூலையில் குடும்ப செட்டில்மென்டுக்கான தீர்வையின் உச்சவரம்பு 25,000இலிருந்து 40,000 ஆனதே, அன்று காலையில் என் மேசைக்கு முன்னால் நின்ற கூட்டம் டெல்லியையா திட்டியது? வசூல் என்றால் மாநில உரிமை, உறவு என்றால் டெல்லி விவகாரமா?

திருமணத்துக்கே வருகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியல், ஐந்தாவது பதிவு: திருமணம், மணமுறிவு, தத்து, உயில், வாரிசுரிமை. பொதுப்பட்டியல் என்றால் நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், நீங்களும் போடலாம். மாநில சுயாட்சிக்குத் தீர்மானம் போட்ட மன்றத்துக்கு இதை ஒரு பத்திர எழுத்தன் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

2023இல் தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன் நடந்தபோது, இது பொதுப்பட்டியல் விஷயம், மாநிலங்களையும் கேட்க வேண்டும் என்று சொன்னதே ஒன்றிய அரசுதான். வழக்கை இழுக்கத்தான் அப்படிச் சொன்னார்கள் என்பது என் அபிப்பிராயம், இருக்கட்டும். ஏப்ரலில் எல்லா மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் கடிதம் போனது. மே மாதம் நீதிமன்றத்தில் சொன்ன கணக்குப்படி பதில் போட்டவை ஏழு மாநிலங்கள். அவற்றில் ராஜஸ்தான், ஆந்திரா, அசாம் மூன்றும் கூடாது என்றன, மற்ற நான்கும் யோசிக்க அவகாசம் கேட்டன. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை. ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்றோகூட நாம் சொல்லவில்லை. நீட், ஜிஎஸ்டி, ஆளுநர் என்று எதற்கெல்லாமோ டெல்லிக்குக் கடிதம் எழுதுகிற நாம், டெல்லியே கடிதம் போட்டுக் கேட்டபோது வாயைத் திறக்கவில்லை.

அந்த வருடம் அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து பேரும் ஒரே குரல். திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்கு ஒரு சட்ட அங்கீகாரமாவது வேண்டும் என்று சொன்னவர்கள் இருவர், நீதிமன்றம் அதைச் சொல்ல முடியாது என்றவர்கள் மூவர். ஆக, சட்டம் இயற்றும் மன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று பந்து இந்தப் பக்கம் வந்தது. மன்றங்கள் என்றதும் எல்லோரும் நாடாளுமன்றத்தைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். நீங்களும்தான், உங்கள் கட்டடத்துக்கும் அதே பெயர் என்பதை மறந்துவிட்டு.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பாவும் அம்மாவும் 1963இல் சீர்திருத்தத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. ஒரு தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார், பிறகு மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். (பேச்சு முடிவதற்குள் பந்தியில் சாம்பார் ஆறிப்போனது என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.) அந்தத் திருமணம் அன்றைய சட்டப்படி திருமணமே இல்லை. 1950களிலேயே சென்னை உயர் நீதிமன்றம், சடங்கும் இல்லாமல் நெடுநாள் வழக்கமும் இல்லாமல் நடக்கிற இந்த மாதிரிக் கல்யாணம் செல்லாது என்று சொல்லிவிட்டிருந்தது. அக்கா 1965இல் பிறந்தபோது சட்டத்தின் கண்ணில் அவள் என்னவாக இருந்தாள் என்று நான் எழுத விரும்பவில்லை, அப்பாவின் பங்காளிகள் அதைச் சொல்லத் தயங்கியதில்லை.

1967இல் அண்ணா முதலமைச்சராக வந்தார். இந்துத் திருமணச் சட்டம் நாடாளுமன்றம் 1955இல் போட்ட சட்டம், அதை நாம் எப்படித் தொடுவது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 7ஏ என்று ஒரு பிரிவை நுழைத்தார். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், உன்னை என் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னாலும் மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் அது திருமணம். குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதைவிடப் பெரிய காரியம், அதற்கு முன்னால் நடந்த திருமணங்களும் செல்லும் என்று எழுதியது. ஒரே நாளில் என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஐந்து வருடம் முந்தைய தேதியில் கல்யாணம் ஆனது. மற்ற மாநிலங்களில் இல்லாத ஒரு திருமணம் இந்த மாநிலத்தில் மட்டும் இருந்தது, வானம் இடிந்து விழவில்லை.

இன்னொரு விஷயம். வக்கீல் அறையில் நாலு பேர் முன்னால் நடக்கிற சுயமரியாதைத் திருமணமும் செல்லும் என்று அந்த 7ஏ பிரிவைத் தூக்கிப் பிடித்து உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது, 2023 ஆகஸ்டில். கொடுத்த அமர்வில் இருந்தவர் நீதிபதி ரவீந்திர பட். அதற்கு ஏழு வாரம் கழித்து, ஒரே பாலினத்தவருக்கு நீதிமன்றம் எதுவும் உருவாக்கித் தர முடியாது, அது சட்டமன்றங்களின் வேலை என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. நான் இதில் முரண் எதையும் பார்க்கவில்லை. 7ஏ இருந்தது, அதனால் காப்பாற்றினார். இதற்கு அப்படி ஒன்று இல்லை. அதை எழுத வேண்டிய இடம் எது என்றுதான் மேலே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொத்து விஷயத்திலும் இப்படித்தான் நடந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினீர்கள். ஆந்திரா நமக்கு மூன்று வருடம் முன்பே செய்தது, அதையும் சொல்ல வேண்டும். நான் அப்போதுதான் தொழிலுக்கு வந்த புதிது. திடீரென்று அண்ணன்மார்கள் தங்கச்சிகளை ஒரு புடவையோடும் ஒரு சுவீட் டப்பாவோடும் அழைத்துவந்து, என் பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய மாதம் வரை அந்தப் பெண்ணின் கையெழுத்தே யாருக்கும் தேவைப்பட்டதில்லை. ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது என்ற ஓட்டை அந்தச் சட்டத்தில் இருந்தது, முழுசாக அடைத்தது 2005இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம்தான். ஆனால் டெல்லி வருவதற்குப் பதினாறு வருடம் முன்பே இங்கே கதவு பாதி திறந்திருந்தது.

அப்புறம், எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் பத்திரத்தில் வில்லங்கத்தை மறைத்த கணக்காகிவிடும்.

மாநிலம் போடுகிற சட்டம் ஒன்றியச் சட்டத்தோடு முட்டினால் ஒன்றியச் சட்டம்தான் நிற்கும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டும் மாநிலச் சட்டம் இங்கே செல்லும். கொடுப்பாரா? கொடுக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஆளுநர் மாளிகையில் கோப்பு எத்தனை நாள் தூங்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் 2013இல் தலைநகர் கான்பெராவை உள்ளடக்கிய பிரதேசம் தானே ஒரு சட்டம் போட்டு, டிசம்பர் 7ஆம் தேதி ஜோடிகள் கல்யாணம் செய்துகொண்டார்கள், 12ஆம் தேதி அந்நாட்டு உயர் நீதிமன்றம் இது மத்திய சட்டத்தோடு ஒத்துப்போகாது என்று ரத்து செய்துவிட்டது. ஐந்து நாள் கல்யாணம். நாடு முழுவதற்கும் சட்டம் வர அவர்கள் 2017 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாநிலம் ஒப்புக்கொண்டு மத்திய அரசு ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் எடித் வின்ட்சர் வழக்கு இருக்கிறது. கனடாவில் போய்த் திருமணம் செய்துகொண்ட இரண்டு பெண்கள், அவர்கள் இருந்த நியூயார்க் மாநிலம் அதை ஏற்றுக்கொண்டது. 2009இல் துணைவி இறந்தபோது, மத்திய வரித்துறை மட்டும் நீ அவளுக்கு யாரோ ஒருத்தி என்று சொல்லி 3,63,053 டாலர் வாரிசு வரி கேட்டது. அந்தம்மா கட்டிவிட்டு வழக்குப் போட்டு 2013இல் ஜெயித்தார், வயது அப்போது 84. நம்மூரிலும் அதே கதைதான் காத்திருக்கிறது. என்னிடம் வந்த சின்னவருக்கு முத்திரைத்தீர்வையோடு முடியவில்லை. கணவனிடமிருந்து மனைவிக்கு வருகிற வீட்டுக்கு வருமான வரி கிடையாது, தோழியிடமிருந்து இனாமாக வருகிற பாதி வீடு வருமானமாகக் கணக்கில் ஏறும். அது ஒன்றியச் சட்டம், அதில் நீங்கள் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. மாநிலம் முடிவு செய்யலாம் என்றால் ‘கூடாது’ என்று முடிவு செய்யவும் மாநிலத்துக்கு உரிமை வந்துவிடும். உத்தராகண்டில் பொது சிவில் சட்டம் என்று 2024இல் நிறைவேற்றினார்கள், குடியரசுத் தலைவர் ஒப்புதலும் அடுத்த மாதமே வந்தது, அவர்களுக்கு மட்டும் தபால் வேகமாகப் போகிறது. அதில் கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களும் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும், அதுவும் ஆண் பெண் என்றால் மட்டும்தான் அந்தக் கணக்கில் வரும். ஒசூரில் துணைவியாக இருப்பவர் சுங்கச்சாவடி தாண்டி கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குப் போனதும் தோழியாகிவிடுவார் என்றால் அது என்ன வாழ்க்கை?

அதனால் என்னைக் கேட்டால், முடிவில் இது நாடு முழுமைக்கும் ஒன்றாக, நாடாளுமன்றத்தில் தீர வேண்டிய விஷயம்தான். ஆனால் முடிவு அங்கே என்பதால் தொடக்கமும் அங்கேதான் என்று ஆகாது. டெல்லி இதுவரை செய்தது, தீர்ப்புக்குப் பிறகு அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு, அப்புறம் 2024இல் சில சுற்றறிக்கைகள்: பேங்கில் கூட்டுக்கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம், ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதலாம், நெருங்கிய சொந்தம் யாரும் இல்லாவிட்டால் சடலத்தை வாங்கிக்கொள்ளலாம். கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். சுற்றறிக்கை என்பது கவுன்டரில் இருக்கிறவர் படித்திருந்தால் உண்டு, படிக்காவிட்டால் இல்லை. எனக்கு அந்தக் கவுன்டர்களைத் தெரியும்.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் பாருங்கள். முத்திரைச் சட்டத்தில் குடும்பத்துக்கான விளக்கம். குடும்ப அட்டை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் என்றால் யார். மாநில அரசு ஊழியர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் யாருக்கு. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் சம்மதத்தில் யார் கையெழுத்துப் போடலாம். இதில் எதற்கும் ‘திருமணம்’ என்ற சொல்லைத் தொடவே வேண்டாம், குடியரசுத் தலைவரிடமும் போக வேண்டாம். வழியையும் நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் ‘குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம்’ மாதிரி ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாமே, யோசியுங்கள் என்று 2023 நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழ்நாடு அரசுக்குச் சொல்லிவிட்டார். 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றே சொன்னது. வீட்டார் பூட்டிவைத்திருந்த பெண்ணை அவள் விரும்பிய துணையோடு போகவிட்ட வழக்கு அது. யோசியுங்கள் என்று சொன்னால் நீங்கள் எவ்வளவு நாள் யோசிப்பீர்கள்?

செய்யத் தெரியாதவர்கள் இல்லை நீங்கள். திருநங்கையர் நல வாரியம் 2008இல் நாட்டிலேயே முதலில் இங்கேதான் வந்தது. இந்த மக்களைத் தொந்தரவு செய்யும் போலீஸ்காரர் மேல் நடவடிக்கை எடுக்க 2022இல் நடத்தை விதியையே திருத்தினீர்கள். பயம் ஓட்டுதான், அது எனக்கும் புரிகிறது, தொகுதியில் சாமி கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் யாருடைய கோயிலிலும் யாருக்கும் கல்யாணம் செய்துவைக்கச் சொல்லவில்லை. முத்திரைத்தாள் கணக்கில் நூற்றுக்கு ஏழு என்பதை நூற்றுக்கு ஒன்றாக்கச் சொல்கிறேன்.

அந்த இரண்டு பேரும் இன்னும் பதிவுக்கு வரவில்லை. டிராஃப்ட் என் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கிறது, ‘தோழி ஆவதாலும்’ என்று. 1,40,000 ரூபாய் சேர்ந்ததும் வருகிறோம் என்றார்கள். அடுத்த முறை முத்திரைச் சட்டத்துக்குத் திருத்த மசோதா வரும்போது, எப்படியும் ஏதாவது ஒன்றை ஏற்றுவதற்கு வரத்தான் போகிறது, அந்த ‘குடும்பம்’ விளக்கத்தில் அரை வரி சேர்த்துவிடுங்கள். வாசகம் வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன். எழுத்துக்கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பத்திர எழுத்தர்